வெட்ட இடமில்லாத கட்டுரை

கத்திரிக்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய மச்சான்தான். மனைவியின் அண்ணன், கத்திரி உதவி ஆசிரியராக இருக்கும் அதே மாலைப் பத்திரிகையில் தலைமை நிருபர். மச்சான் எழுதுவார், கத்திரி வெட்டுவார். பதினாறு வருடமாக இதுதான் ஏற்பாடு.

பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது, செய்தி எழுதுங்கள் என்றால் மச்சான் ஆறு பிறந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் ஓர் அந்தி வானம் வரும். வானத்தைப் பார்த்தபடி ஒரு கிழவர் பெருமூச்சு விடுவார். விரிசல் ஆறாவது தாளில்தான் மெல்ல எட்டிப் பார்க்கும். கத்திரி ஆற்றை வெட்டுவார், வானத்தை வெட்டுவார், கிழவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவார். மிஞ்சிய விரிசலை நானூற்றைம்பது வார்த்தைப் பெட்டிக்குள் அடைப்பார். மறுநாள் நாலு பேர் மச்சானிடம், "என்னமா எழுதறீங்க சார்!" என்பார்கள். மச்சான் அடக்கமாகச் சிரிப்பார். பக்கத்தில் நிற்கும் கத்திரியும் சிரித்துவைப்பார். வீட்டில் மட்டும் மனைவி கேட்பாள்: "எங்கண்ணன் எழுதினதை நறுக்கி நறுக்கி என்னத்தைக் கண்டீங்க?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஓர் அதிசயம் நடந்தது. மச்சானின் கட்டுரை நேரத்துக்கு வந்தது. சரியாக நானூற்றைம்பது வார்த்தை. ஒற்றுப் பிழை இல்லை, வானம் இல்லை, கிழவர் இல்லை. கத்திரி பேனாவைத் திறந்தார், மேலிருந்து கீழே போனார், கீழிருந்து மேலே வந்தார், மூடினார். மச்சானுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய்த் தொட்டுப் பார்க்கக்கூடப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று அப்படிப்பட்ட கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. அன்றைக்கெல்லாம் கத்திரிக்கு வேலை இருக்காது. ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை ஊற்றுவார். அந்தச் செடி அழுகிப்போனதற்கு அதுதான் காரணம். "உங்கண்ணன் திருந்திட்டார்" என்று வீட்டில் சொல்லியும் விட்டார். "அவர் எப்பவும் அப்படித்தான். நீங்கதான் இப்பத் திருந்தியிருக்கீங்க" என்றாள் மனைவி.

சந்தேகம் வந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று காலையில் மச்சான் இரண்டு கட்டுரை கொடுத்தார். ஒன்று டிராம் பணிமனையைப் பற்றி: இரண்டாயிரத்து நூறு வார்த்தை, அதில் டிராம் வண்டி ஒரு தாயாகவும் தண்டவாளம் அவள் நீட்டிய இரு கரங்களாகவும் இருந்தன. இன்னொன்று துறைமுக வரியைப் பற்றி: நானூற்றைம்பது, சுத்தம். ஒரே ஆள், ஒரே காலை, இரண்டு கை. கத்திரிக்கு மூக்கில் வேர்த்தது.

வேறு யாராக இருந்தாலும் அப்போது பெரிய பெரிய விஷயங்களை யோசித்திருப்பார்கள். கத்திரிக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். மச்சான் வேறொரு கத்திரி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றும் மறுநாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினாறு வருடம்! எத்தனை அந்தி வானம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? புதன்கிழமை மதியம், பத்திரிகை அச்சுக்குப் போன கையோடு மச்சான் சட்டையை நீவிக்கொண்டு கிளம்பியபோது, கத்திரியும் பத்தடி இடைவெளி விட்டுக் கிளம்பினார். ஒளிந்து பின்தொடர்ந்து அவருக்குப் பழக்கம் இல்லை. வழியில் தெரிந்தவர்கள் நாலு பேருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே பின்தொடர்ந்தார்.

மச்சான் போய் நுழைந்தது நகராட்சி நீச்சல் குளத்தின் மாடி காண்டீன். கீழே நூறு பிள்ளைகள் தண்ணீரில் கத்திக்கொண்டிருக்க, மேலே மூலை மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்காத சட்டை. முன்னால் ஒரு கேக் துண்டை நாலு சம பாகமாக வெட்டி வைத்திருந்தார். அவர் ஒரு உறையை நீட்ட, மச்சான் அதை வாங்கிப் பையில் வைக்கப்போக, கத்திரி இரண்டு எட்டில் மேஜைக்கு வந்துவிட்டார்.

"எத்தனை வருஷமா மச்சான் இது நடக்குது?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. கசங்காத சட்டைக்காரர் மெல்லக் கேக்கைக் கீழே வைத்தார்.

"மாப்ள... சத்தம் போடாதே... நாட்டுக்காகத்தான்..."

"நாட்டுக்கா? என் வேலையைத் தூக்கி வெளியாள் கையில குடுத்தா நாட்டுக்கு என்ன லாபம்?"

"உன் வேலையா?"

"பின்ன? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இன்னும் இறுக்கமா வெட்டியிருக்க மாட்டேனா? நீங்க எந்தப் பத்திரிகை சார்?" என்று மற்றவர் பக்கம் திரும்பினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க கை நல்ல கை. ஒத்துக்கறேன். மூணு வருஷத்துல ஒரு காற்புள்ளி அடிக்க இடம் விடல நீங்க. அந்தத் துறைமுகக் கட்டுரையில முதல் பத்தியில இருந்து ரெண்டாம் பத்திக்குப் போனீங்க பாருங்க, அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகுது. ஆனா தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல?"

கசங்காத சட்டைக்காரரின் காது மடல் சிவந்தது. கோபத்தில் இல்லை.

"வழுக்கிக்கிட்டுப் போகுதுங்கறீங்களா?" என்றார் சின்னக் குரலில்.

"சத்தியமா."

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல" என்றார் அவர். தங்கள் மையத்தில் அளவு சரியாக இருந்தால் போதும் என்பார்கள், அழகைப் பார்க்கிறவர்கள் இல்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, மச்சான் விட்ட ஒரு இருமலில் சுதாரித்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு வந்துடணும். வெள்ளிக்கிழமை கல்விக் குழு கூடுது" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, கத்திரியின் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கிவிட்டுப் போனார்.

கத்திரிக்குக் கை அரித்தது. உறையைப் பிரித்துத் தாளை எடுத்தார். பழக்க தோஷம், முதலில் நீளத்தைத்தான் பார்த்தார். நானூற்றைம்பது. மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

மலையடிவாரப் பள்ளி ஒன்றின் அறிவியல் டீச்சர், வெளிநாட்டு உதவியோடு, மாணவர்களை ஏவி, அரசுக் கட்டடங்களை வேவு பார்த்து வரைபடம் போட்டுவருவதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.

கத்திரி அதை மறுபடி படித்தார். மலையடிவாரத்தில் இருப்பது ஒரே பள்ளி. அதில் ஒரே அறிவியல் டீச்சர். அவருடைய பன்னிரண்டு வயது மகளின் டீச்சர். அந்த 'வேவு' வரைபடத்தின் ஒரு பிரதி, பென்சிலும் மெழுகு வண்ணமுமாக, அவர் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

"மச்சான். அந்த ஆள் யாரு?"

மச்சான் கேக்கின் மூன்றாவது பாகத்தை எடுத்து, தின்னாமல் திரும்ப வைத்தார். "பிராந்திய ஆய்வு மையம்னு சொல்லுவார்."

"நிஜத்துல?"

"உளவுத்துறை."

கீழே யாரோ குளத்தில் குதிக்க, தண்ணீர் சத்தம் மேலே வந்தது. கத்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மச்சான் சொன்னது இதுதான். முதல் தடவை அந்த ஆள் ஒரு தகவல் கொடுத்தார், உண்மையான தகவல். இரண்டாம் தடவை இரண்டு பத்தி கொடுத்தார். மூன்றாம் தடவை முழுசாகவே கொடுத்துவிட்டார்.

"காசு வாங்கினீங்களா?"

"சேச்சே! ஒரு டீ. ஒரு கேக்."

"கேக்குக்கா மச்சான்?"

"கேக்குக்கு இல்லடா. அந்தக் கட்டுரை வர்ற அன்னிக்கெல்லாம் ஜனங்க என்னைப் பாராட்டுவாங்க. 'இன்னிக்குத்தான் சார் கச்சிதமா இருந்தது'ம்பாங்க. கேட்டுக் கேட்டு நானே எழுதினதா ஆயிடுச்சு." மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "போன வருஷம் அந்தப் படகுத்துறைச் சங்கத்து ஆள் ஒரு கட்டுரையால ஊரை விட்டே போனான் பாரு. அதுல கொஞ்சம் தூக்கம் கெட்டுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு."

கத்திரி திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் மூன்று வருடமாக அதையெல்லாம் ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் பக்கத்தில் ஏற்றியது யாராம்? செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இவர்தானே?

"இந்த டீச்சரை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? எழுதித்தான் வந்துடுதே."

"சரி, எழுந்திருங்க. குற்றம் சொல்றோம்னா அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் போடணும். நம்ம பத்திரிகையில அது சட்டம். கேட்டுட்டு வாங்க, நானே பக்கத்துல ஏத்தறேன்."

"இன்னிக்கேவா?"

"மூணு மணிக்கு அறிவியல் வகுப்பு. என் பொண்ணுக்கு."

பள்ளியில் மாடி வகுப்பறை. கதவைத் தட்டியபோது உள்ளே முப்பது பிள்ளைகளும் ஒரு டீச்சரும் ஒரு பழைய ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் போட்டிருந்தார்கள். டீச்சர் குள்ளம். மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள். கத்திரியின் மகள் துள்ளி எழுந்தாள்.

"எங்கப்பா டீச்சர்! அது எங்க மாமா. பேப்பர்ல எழுதுவார்."

"மாமா நல்ல உயரம்" என்றார் டீச்சர் மச்சானை மேலும் கீழும் பார்த்து. "வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த பெஞ்சுல ஏறுங்க. இந்தக் கம்பியைப் பிடிங்க."

"இல்லம்மா, நான் ஒரு கேள்வி..."

"கேளுங்க கேளுங்க. ஏறிக்கிட்டே கேளுங்க."

தலைமை நிருபர் பெஞ்சில் ஏறினார். கையில் செம்புக் கம்பியைக் கொடுத்தார்கள். ரேடியோ கொர்ரென்றது.

"மாமா, இன்னும் மேல!"

"ஆடாதீங்க மாமா!"

"தொப்பையை உள்ள இழுங்க மாமா, ஜன்னலை மறைக்குது!" இது சொந்த மருமகள்.

மச்சான் கையைத் தூக்கியபடி ஜன்னல் பக்கம் திரும்பியதும் கொர் சத்தம் வகுப்பையே தூக்கியது. பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். ஒருத்தி ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பெரிய வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டாள். மலையடிவாரத்தில் பாதி வீடுகளில் ஆறு மாதமாக ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்கவில்லை. பிள்ளைகள் தெருத் தெருவாகப் போய் எந்த வீட்டில் எவ்வளவு இரைச்சல் என்று குறித்துவந்திருந்தார்கள். சிவப்பு வட்டங்களெல்லாம் ஒரு கட்டடத்தைச் சுற்றி மொய்த்திருந்தன. மேலே அழகான எழுத்தில்: மீன்வள ஆவணக் காப்பகம்.

"மீனுக்கு எதுக்கு சார் அவ்ளோ பெரிய ஆன்டெனா?" என்று ஒரு பையன் மச்சானிடம் நியாயம் கேட்டான்.

"அதைத்தான் நானும் கல்விக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன்" என்றார் டீச்சர். "மீனெல்லாம் பாட்டு கேக்குதான்னு எழுதினேன். அவங்களுக்குச் சிரிப்பு வரல போல. வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. நீங்க என்னமோ கேக்க வந்தீங்களே?"

அது யாருடைய ஆன்டெனா என்று புரிந்து மச்சான் கத்திரியைப் பார்த்தார். கத்திரி கூரையைப் பார்த்தார்.

"வந்து... வெளிநாட்டுல இருந்து உங்களுக்கு உதவி ஏதாவது..."

"வந்துச்சே! எங்க தங்கச்சி போன வருஷம் ஒரு குடை அனுப்பினா. இன்னிவரைக்கும் விரியல." பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அப்புறம் பெஞ்சின் மேல் நின்றவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏன் சார்? யாராவது ஏதாவது சொன்னாங்களா? இந்த வேலைதான் சார் எங்க வீட்டுல ஒரே வேலை."

மச்சான் கம்பியைப் பிடித்த கையை உடனே இறக்கவில்லை. பிறகு மெதுவாக இறங்கி, சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார்.

"மாப்ள, நோட்டு இருக்கா?"

"எனக்கெதுக்கு நோட்டு? நீங்கதானே நிருபர்."

கடைசியில் மருமகளின் கணக்கு நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டு, முட்டி இடிக்கும் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து, தலைமை நிருபர் கேட்க ஆரம்பித்தார். எந்த வீடு, எந்தத் தேதி, யார் கேட்டது, எத்தனை நாளாக. ஐந்து மணிக்குப் பள்ளிக் காவலாளி வந்து சாவியை ஆட்டிக் காட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டரைக்கு மச்சான் பதினான்கு தாள்களோடு வந்தார். கத்திரி பேனாவைத் திறந்தார். ரேடியோ அலைகள் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலிருந்து ஆரம்பம். மூன்றாம் தாளில் கடலலைக்கும் வானலைக்கும் ஓர் ஒப்பீடு. ஐந்தாம் தாளில் அந்தி வானம் சகல மரியாதைகளோடும் இறங்கியிருந்தது. கத்திரிக்குக் கண் கலங்கும்போல் இருந்தது. சுகமாக வெட்டிக்கொண்டே போனார். ஒன்பதாம் தாளில் பேனா நின்றது.

கடந்த மூன்றாண்டுகளில் என் பெயரில் இந்தப் பத்திரிகையில் வந்த பத்தொன்பது கட்டுரைகளை எழுதியவன் நானல்ல. மந்தமான நடையில் எழுதப்பட்ட அவற்றை உளவுத்துறை அதிகாரி ஒருவர் என்னிடம் எழுதியே கொடுத்தார். இந்தப் பள்ளியின் டீச்சரை வேவுக்காரி என்று சொல்லும் இருபதாவது கட்டுரையும் நேற்று என்னிடம் கொடுக்கப்பட்டது. கீழே பத்தொன்பதின் தலைப்புகள், வரிசையாக.

நாலு வரி. ஒரு கோடு போட்டால் போதும். கட்டுரை எப்படியும் நீளம்தான், யாரும் கேட்கமாட்டார்கள். மச்சானின் வேலை இருக்கும், மனைவியின் அண்ணன் தலைநிமிர்ந்து நடப்பார், வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

"மச்சான். இதை வெட்டட்டுமா?"

"வெட்டினா நல்லாருக்கும்" என்றார் மச்சான். "ஆனா வெட்டாதே. நான் போடலன்னா அந்தத் தாளைத் தூக்கி இன்னொரு பத்திரிகையில குடுப்பான். இப்படித் தாள் கைமாறுதுன்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தான் கல்விக் குழுக்காரங்க டீச்சர் மேல கை வைக்கப் பயப்படுவாங்க."

"சரி. அந்த 'மந்தமான நடை'யையாவது எடுத்துடறேன். அது பொய். நல்ல நடை மச்சான் அது."

"அது இருக்கட்டும் மாப்ள! இவ்வளவு அசிங்கப்படறேன், அந்த ஒரு சந்தோஷமாவது எனக்கு இருக்கக் கூடாதா?"

கத்திரி விட்டுவிட்டார். அதற்குப் பதில் அந்தப் பத்தியை ஒன்பதாம் தாளிலிருந்து தூக்கி முதல் பத்தியாக வைத்தார்.

எடிட்டர் அம்மா கண்ணாடி அறையில் பென்சிலைக் கடித்தபடி படித்தார். இருபது வருடம் கட்டிக் காத்த பத்திரிகை. படித்து முடித்ததும் பென்சில் இரண்டாக இருந்தது.

"பத்தொன்பது" என்றார்.

"ஆமா மேடம்."

"உங்களைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன், இப்ப மணி பத்தரை. பன்னெண்டுக்குப் பக்கம் மூடணும். ரேடியோ இரைச்சல் சரி, முப்பது வீட்டுல சாட்சி இருக்கு. ஆனா முதல் பத்திக்கு யார் சாட்சி? நீங்க சொல்றீங்க. இன்னொரு ஆள் சொல்லணும். ரெண்டு பேர் சொல்லாத எதையும் நான் போட்டதில்ல."

"அவர் குடுத்த தாள் இருக்கே மேடம்" என்றார் கத்திரி.

"அதுல யார் பேர் இருக்கு? முத்திரை இருக்கா? இவரே எழுதினார்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இரைச்சல் மட்டும் அச்சுக்குப் போகட்டும். முதல் பத்தி எடுத்துடுங்க."

மூன்று பேரும் முதல் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு மெல்லத் தட்டப்பட்டது. கசங்காத சட்டை. காலையிலிருந்து அவர் கூப்பிட்ட எட்டு தடவையும் மச்சான் போனை எடுக்கவில்லை. நேரிலேயே வந்துவிட்டார்.

"பிராந்திய ஆய்வு மையம்" என்று எடிட்டருக்கு வணக்கம் சொன்னார். கத்திரியைப் பார்த்து நட்போடு தலையசைத்தார். பிறகு மச்சானிடம், ஜலதோஷம் விசாரிப்பதுபோல், "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இந்த வயசுல பேர் கெட்டுப்போனா வேற வேலை கிடைக்கறது கஷ்டம். சிலர் ஏதேதோ கற்பனையா எழுதிடறாங்க, அப்புறம் நிரூபிக்க முடியாம முழிக்கறாங்க. பத்திரிகைக்கும்தான் எவ்வளவு சங்கடம், இல்லையா மேடம்?" என்றார்.

எடிட்டர் அம்மா நிதானமாகத் தாளை மேஜைமேல் தள்ளினார்.

"நீங்களே படிச்சுப் பாருங்க. இதுல தப்பு இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்."

அவர் படித்தார். முகம் மாறவில்லை. இரண்டாம் தடவை படித்தார். ஓர் இடத்தில் கண் நின்றது. மூன்றாம் தடவை அந்த இடத்தை மட்டும் படித்தார்.

"மந்தமான நடையா?"

மச்சான் நைசாகக் கத்திரிக்குப் பின்னால் நகர்ந்தார்.

"மந்தமான நடை?" அவர் கத்திரியிடம் திரும்பினார். குரலில் அப்படியொரு காயம். "நேத்து நீங்க என்ன சொன்னீங்க? வழுக்கிக்கிட்டுப் போகுதுன்னீங்களே?"

"இப்பவும் அதேதான் சார் சொல்றேன்" என்றார் கத்திரி. மனசாரத்தான் சொன்னார்.

"அப்புறம் இது என்ன பத்தொன்பது? இருபத்திரண்டு! வரிசையில மூணு குறையுது. உப்பளம் பத்தினது எங்கே? தபால் வேலைநிறுத்தம் எங்கே? 'கரையேறாத கணக்குகள்' எங்கே?"

மச்சானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அது என்னோடது!"

"எது? 'கரையேறாத கணக்குகள்' உங்களுதா? அதோட முதல் வரியை நான் ஒன்பது தடவை மாத்தி எழுதினேன் சார்! என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாருங்க!"

"தலைப்பு என்னோடது!"

"முதல்ல 'நீர்க்கோலம்'னுதானே தலைப்பு வச்சிருந்தீங்க, அதையும் சொல்லுங்களேன்! என் எழுத்துல ஒண்ணு, ஒரே ஒண்ணுதான் எனக்கே பிடிச்சது, அதையும் இவர்..."

அங்கே நின்றார். எடிட்டர் அம்மா உடைந்த பென்சிலின் நீளமான பாதியை எடுத்து, 'பத்தொன்பது' என்பதை அடித்து, 'இருபத்திரண்டு' என்று எழுதினார்.

"ரொம்ப நன்றி" என்றார். "ரெண்டாவது ஆள் சொல்லிட்டார்."

கசங்காத சட்டைக்காரர் சுவரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். அசடு வழிவது என்பதை அவ்வளவு நேர்த்தியாக யாரும் செய்து கத்திரி பார்த்ததில்லை. வெளியே போகிறவர் கதவருகில் தயங்கினார்.

"அந்த ஒரு வார்த்தை..."

"மேடம், 'மந்தமான நடையில் எழுதப்பட்ட' போகட்டும்" என்றார் கத்திரி. "இடமும் இல்ல. அது உண்மையும் இல்ல."

எடிட்டர் தலையசைத்தார். மச்சான் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கத்திரி அடித்தார். கதவருகில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பக்கம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மூடியது. கல்விக் குழு வெள்ளிக்கிழமை கூடி, கூரை ஒழுகலைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுக் கலைந்தது. டீச்சர் பெயரை யாரும் எடுக்கவில்லை. அது மறுநாள் தெரிந்த சேதி. அன்றைக்குத் தெரிந்தது, மச்சான் இனித் தலைமை நிருபர் இல்லை என்பது மட்டும்தான். கடல் ஏற்ற இறக்கமும் வானிலையும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. தினம் நாற்பது வார்த்தை. "நாற்பதுல என்ன மேடம் எழுத முடியும்?" என்று கேட்டதற்கு, "மழை வருமா வராதான்னு எழுதுங்க" என்று பதில் வந்தது. கத்திரிக்கும் விழுந்தது: மூன்று வருடம் வெட்ட ஒன்றுமில்லாமல் போனபோது ஏன் என்று கேட்காததற்கு, ஓர் எச்சரிக்கை ஓலை.

இரண்டு மணிக்குப் பத்திரிகை தெருவுக்கு வந்தது. இரண்டு இருபதுக்குக் கத்திரியின் மேஜைமேல் போன் அடித்தது. திரையில் வீட்டு எண். இருவரும் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"எடு மாப்ள."

"உங்க தங்கச்சி. நீங்க எடுங்க."

"உன் பொண்டாட்டிடா!"

"நான் என்ன சொல்றது? உங்கண்ணனை நானே முதல் பத்தியில தூக்கி வச்சேன்னா?"

போன் நின்றது. மறுபடி அடித்தது. கத்திரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

"என்னங்க. எங்கண்ணன் பக்கத்துல இருக்காரா? குடுங்க."

மச்சான் இரண்டு கையாலும் போனை வாங்கிக் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "ம்" என்றார். "ம்" என்றார். "இல்லம்மா" என்றார். முடிவில், "சரிம்மா" என்று வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"என்ன மச்சான் சொன்னா?"

"சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்றா" என்றார் மச்சான். முகம் மெல்ல விரிந்துகொண்டே போயிற்று. "போன்ல திட்டினா அவளுக்குப் பத்தாதாம்."